எட்டூரு யோசனையும் ஒரு ரேஸ் காரும்

பொங்கல் லீவுக்கு ஊருக்கு வந்த காலேஜ் பயகிட்ட ரெண்டு கேள்வி கேக்கப்படாதுப்பா. ஒண்ணு, எத்தனை அரியருன்னு. இன்னொண்ணு, காரு எப்ப ஓடும்னு. முதல் கேள்விக்காவது ஒரு பொய்யச் சொல்லித் தப்பிச்சுக்குவான். ரெண்டாவதுக்கு அவங்கிட்டப் பொய்யும் கைவசம் இருக்காது.

நம்ம தெருப் பேரனத்தான் சொல்றேன். எஞ்சினியரிங் மூணாம் வருஷம். கூட்டாளியளோட சேந்து ரேஸ் காரு கட்டுறான். காரு வாங்குறதக் கேட்டிருக்கிய, வாங்கின காருக்கு எலுமிச்சம்பழம் நசுக்குறதப் பாத்திருக்கிய. கட்டுறதுன்னா அது வேற. இரும்புப் பைப்ப அளந்து அறுத்து, ஒண்ணோட ஒண்ணு பொருந்துற மாதிரி ராவி, பத்தவச்சு ஒரு கூடு செய்யணும். அதுக்குள்ள மோட்டார்சைக்கிள் எஞ்சினத் தூக்கி வைக்கணும். செயினு மாட்டி, சக்கரம் மாட்டி, ஒத்தை ஆளு காலை நீட்டிப் படுத்தாப்புல உக்காந்து ஓட்டுறது. மேல கூரை கிடையாது, சக்கரத்துக்கு மட்காடு கிடையாது. மழை பேஞ்சா சேறு நேரா மூஞ்சியிலதான்.

போட்டிக்குப் பேரு ஃபார்முலா பாரத். சில வருஷமா கோயம்புத்தூரு பக்கம் செட்டிப்பாளையத்துல, கரி மோட்டார் ஸ்பீட்வேயில, ஜனவரி மாசம் நடக்குது. நாடு பூராவும் இருந்து காலேஜ் புள்ளைய, பொண்ணுவளும் சேத்துத்தான், தாங்களே கட்டின வண்டியக் கொண்டாந்து நிறுத்துவாக. மூலம் அமெரிக்கா. 1981ல டெக்சாஸ் பல்கலைக்கழகத்துல ஃபார்முலா எஸ்.ஏ.இ.ன்னு ஆரம்பிச்சது. அந்தச் சட்டதிட்டத்தைத்தான் நாட்டுக்கு நாடு கொஞ்சம் கூட்டிக் குறைச்சு உலகம் பூரா ஓட்டுறாக.

அந்த அமெரிக்காப் புஸ்தகத்துல ஒரு விதி இருக்குய்யா. பய போன்ல காட்டுனான், தமிழ்ல சொல்லுடான்னேன். வண்டிய யோசிக்கிறது, வரையிறது, கட்டுறது, பராமரிக்கிறது எல்லாமே மாணவருங்கதான். தொழில்ல இருக்குற எஞ்சினியரு, ரேஸ்காரரு, லேத்துக்காரரு நேரா தலையிடக்கூடாது. அவங்ககிட்ட விவரம் கேட்டுக்கலாம். ஆனா அந்த விவரம் எப்படி இருக்கணுமாம்? இப்படியும் செய்யலாம், அப்படியும் செய்யலாம், இதுல இன்ன சாதகம், அதுல இன்ன பாதகம்னு இருக்கணுமாம். ‘இப்படிச் செய்யிடா’ன்னு முடிவு சொல்லப்படாது.

எனக்குத் தலை சுத்திப் போச்சு. பெருசுவ எப்படிப் புத்தி சொல்லணும்னு ஒரு நாட்டுல சட்டம் எழுதி வச்சிருக்கான்! இதை நம்ம ஊருக்குப் போட்டா பஞ்சாயத்துல ஆரு வாயத் தொறக்குறது? சாதகம், பாதகம் ரெண்டையும் சொல்லிட்டு எந்தத் தரகன் ஒரு கல்யாணத்த முடிப்பான்?

அதனாலதான் மாட்டுப் பொங்கலன்னிக்குச் சாயங்காலம் புது ஆத்துப் பாலத்துக் கட்டைச் செவுத்துல உக்காந்து பய காரப் பத்தி நீங்கள்லாம் பேசுன பேச்சுல, புஸ்தகப்படி பாத்தா, ஒண்ணுகூடத் தேறாது. அறுப்பு மெஷின் வச்சிருக்குற மச்சான் என்ன சொன்னாரு? ‘பெல்ட்டு வண்டியா மாத்துங்கடா, எந்தச் சேத்துலயும் நிக்காது’ன்னாரு. தார் ரோட்டுல ஓடுற பந்தயத்துக்கு. ரிட்டையர்டு பஸ் டிரைவர் அண்ணன் ஆரன் எங்கன்னு கேட்டாரு. டீ மாஸ்டரு, முன்னாடி கண்ணாடியில ஊரு பேரு எழுதச் சொன்னாரு. கண்ணாடியே கிடையாதுன்னதும், ‘அப்ப என்னடா காரு?’ன்னு டம்ளரக் கழுவப் போயிட்டாரு. டிராக்டர் மெக்கானிக்குத் தம்பி ஒண்ணும் பேசல. போட்டோவப் பெருசாக்கிப் பெருசாக்கி வெல்டிங்கப் பாத்துக்கிட்டே இருந்தான். அந்த ஆளுகிட்டதான் நான் பயப்படுவேன்.

சேறு வேணும்னா அதுக்கும் ஒரு போட்டி இருக்கு மச்சான், கோவிச்சுக்காதிய. பாஜான்னு பேரு. 2007லேருந்து மத்தியப் பிரதேசத்துல இந்தூருக்குப் பக்கத்துல பீதம்பூருல காலேஜ் புள்ளைய மேடு பள்ளத்துல விட்டு விரட்டுறாக. நாலு மணி நேரம் விடாம ஓடணும். உங்க யோசனைய அங்க எழுதிப் போடுங்க. சாதகம் பாதகத்தோட.

உங்க ரேஸ் பேச்செல்லாம் எதனால வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். 2025 ஜனவரியில, பொங்கலுக்கு ரெண்டு நாளு முந்தி, நடிகர் அஜித்குமார் டீமு துபாய் 24 மணி நேரப் பந்தயத்துல 992 பிரிவுல மூணாவதா வந்துச்சுல்ல? பயிற்சியில வண்டி தடுப்புல மோதிச் சுத்துன வீடியோவ நீங்க எல்லாரும் கரும்பக் கடிச்சுக்கிட்டே திருப்பித் திருப்பிப் பாத்திய. அன்னையிலேருந்து இந்த ஊருல ரேஸு தெரியாத ஆளே கிடையாது. டயரு சூடு ஏறணும்னு பஸ் டிரைவர் அண்ணன் சொல்றாரு. அவரு ஓட்டுன காலத்துல டயருல நூலு தெரிஞ்சாலும் பட்டுக்கோட்டை போயிட்டு வந்தவரு.

சரி, பந்தயம் நமக்குப் புதுசா? பேராவூரணி, அறந்தாங்கிப் பக்கம் ரோட்டுல மாட்டுவண்டி எல்கைப் பந்தயம் விடுறதப் பாத்துத்தானே வளந்தோம். பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டுன்னு பிரிவு பிரிவா விடுவாக. 2014ல சுப்ரீம் கோர்ட்டு வேணாம்னுச்சு. 2017ல சட்டம் கொண்டாந்தாக. 2023 மே மாசம் அதே கோர்ட்டு, சட்டம் செல்லும்னுச்சு. இத்தனை நடந்தும் ஒண்ணு மட்டும் மாறல. வண்டியில உக்காந்திருக்குற சாரதி வாயத் தொறக்குறத விட, பின்னால மோட்டார்சைக்கிள்ல விரட்டிக்கிட்டுப் போறவன் வாயி பெருசு. மாடு அவன் வீட்டு மாடும் இல்ல.

இப்ப பயலோட வண்டிக்கு வர்றேன். எஞ்சினு 390 டியூக்கு பைக்கோடது. நம்ம நாட்டுல நெறைய டீமு அதைத்தான் வைக்குது. 710 சிசி வரைக்கும் போலாம்னு விதி இருக்கு. ‘அப்ப 700ல ஒண்ணு வாங்கிப் போடு’ன்னு ஒரு சத்தம் வந்துச்சு. எவன் காசுல? அதோட இன்னொரு சூட்சுமம் கேளுங்க. எவ்வளவு பெரிய எஞ்சினு வச்சாலும் பெட்ரோல் வண்டிக்குள்ள போற காத்து மொத்தமும் 20 மில்லிமீட்டர் ஓட்டை ஒண்ணு வழியாத்தான் போகணும். நம்ம சுண்டுவிரலு ரெண்டு சேந்தாப்புல நுழையாத ஓட்டை. எஞ்சினு எவ்வளவு கத்துனாலும் அதுக்கு மேல மூச்சு கிடைக்காது. அறிவு எங்க வேலை செய்யுதுன்னா, அந்த ஓட்டைக்கு முன்னாடியும் பின்னாடியும் குழாய எப்படிச் சரிவா விரிச்சா காத்து முட்டாம போவும்கிறதுல.

மெஷின்கார மச்சான் என் காதுல வந்து, ‘அரை மில்லி கூட்டிக் கடைஞ்சா ஆருக்குத் தெரியும்?’ங்கிறாரு. தெரியும் மச்சான். ஓட்டைக்குள்ள அளவுக் குச்சிய விட்டுப் பாப்பாக. நீங்க நெல்லு கொண்டுபோயி கொள்முதல் நிலையத்துல நிக்கையில, ஈரப்பதம் 17க்கு மேல காட்டுன உடனே மூட்டைய ஓரங்கட்டச் சொல்றாகள்ல, அங்க உங்க அரை பாயிண்டு கதை எடுபட்டுச்சா? அதே கதைதான். மிஷினு காட்டுறதுதான் கணக்கு, நம்ம மூஞ்சி இல்ல.

அந்தச் சோதனையைத்தான் நீங்க போயிப் பாக்கணும். ஓட்டத்தை விட அதுதான் வேடிக்கை. வண்டிய ஒரு பலகை மேல ஏத்தி, ஓட்டுற ஆளையும் உள்ள கட்டி வச்சு, 60 டிகிரிக்குச் சாய்ப்பாக. கிட்டத்தட்ட செவுத்துல சாத்துன ஏணி நிக்கிற நிலை. ஒரு சொட்டு பெட்ரோலு, எண்ணெய், தண்ணி ஒழுகப்படாது. மேல் பக்கத்துச் சக்கரம் பலகையிலேருந்து கிளம்பப்படாது. நம்ம ஊரு வண்டிய எதையாவது அப்படிச் சாய்ச்சா என்னென்ன கொட்டும்னு யோசிச்சுப் பாருங்க. பஸ் டிரைவர் அண்ணன் வண்டியில கண்டக்டரே கொட்டியிருப்பாரு.

அப்புறம் பிரேக்கு. ஓட்டிக்கிட்டு வந்து அமுக்கினா நாலு சக்கரமும் ஒண்ணாப் பூட்டிக்கிட்டு நிக்கணும். மூணு நின்னு ஒண்ணு உருண்டாலும் திரும்பப் போயி வரிசையில நில்லு. அப்புறம் சத்தம் அளப்பாக. அப்புறம் பெல்ட்டு போட்டு, ஹெல்மெட்டு மாட்டி உக்காந்திருக்குற டிரைவரு 5 செகண்டுக்குள்ள வெளிய குதிக்கணும், தீப்புடிச்சா வெந்துடக்கூடாதுல்ல. நம்ம பயலத்தான் டிரைவராப் போட்டிருக்காக. பொங்கலு சாப்பிட்டுட்டுப் பாய விட்டு எந்திரிக்கவே அரை மணி நேரமாவுது. அவன் ஆத்தாகிட்டச் சொன்னேன், லீவு முடியிற வரைக்கும் வடையக் குறைன்னு. நெட்டை ஆளுக்கும் வண்டி பொருந்துதான்னு பாக்க ஒரு தகட்டு பொம்மைய வேற உள்ள வைப்பாகளாம். பெர்சின்னு அதுக்குப் பேரு. வண்டி கவுந்தாலும் பெர்சி தலை மேல முட்டப்படாது. வெயிலு, பசி, அரியரு எதுவும் தெரியாம அந்தப் போட்டியில உக்காந்திருக்குற ஒரே ஆளு அவருதான்.

நீங்க எல்லாரும் வேகம் வேகம்னு அலையிறிய. மொத்தம் 1000 மார்க்கு. அதுல 325 எஞ்சின முடுக்காமலே வாங்கலாம். வண்டிய ஏன் இப்படி வரைஞ்சேன்னு விளக்கிச் சொல்றதுக்கு 150. என்ன செலவாச்சுன்னு கணக்குக்கு 100. இந்த வண்டியச் செஞ்சு விக்கிறதா இருந்தா எப்படி யாவாரம் பண்ணுவேன்னு பேசிக் காட்டுறதுக்கு 75. செலவுக் கணக்குன்னா பொத்தாம் பொதுவா ‘ஒரு நாலு லட்சம் இருக்கும்’னு சொல்றதில்ல. ஒவ்வொரு போல்ட்டு, ஒவ்வொரு வாஷரு, எத்தனை அங்குலம் வெல்டிங்கு, அதுக்கு எவ்வளவு நேரக் கூலி எல்லாத்தையும் எழுதணும். இது தெரிஞ்சப்புறம்தான் அவன் அப்பன் மனசு இளகிச்சு. ‘இவன் வாங்குன காசுக்கு எங்கயாச்சும் கணக்குச் சொல்றானே, அதுவே போதும்’ங்கிறாரு.

அவருக்குக் கோவம் இருக்கத்தான் செய்யும். சம்பா அறுப்பு நேரம். மேட்டூர் அணைய ஜனவரி 28ஆம் தேதியோட சாத்திடுவாக. தாளடிக்குக் கடைசித் தண்ணி நிக்கணும். அறுப்பு மெஷினு கிடைக்கிறதுக்கு மச்சான் வீட்டு வாசல்ல நிக்கணும். இதுல வாரிசு வரப்புல நின்னுக்கிட்டு போன்ல ‘ரியர் அப்ரைட்டு வந்துருச்சா’ன்னு கேக்குது. பின்சக்கரத்தத் தாங்குற சாமான் அது, மூணாவது தடவையா லேத்துல திருப்பி அனுப்புனாகளாம். அவன் வரைஞ்ச வளையத்து அளவும் பேரிங்கு அளவும் ஒத்து வரலையாம். தலைமுடி கனத்துல பாதி வித்தியாசம். ‘சுத்தியலால ரெண்டு தட்டு தட்டுனா ஏறிடும்’னு நம்ம கட்டைச் செவுரு ஏகமனதா தீர்மானம் போட்டுச்சு. மெக்கானிக்குத் தம்பி மட்டும் மெதுவா, ‘ஏறும். இறங்காது’ன்னான். சாதகமும் பாதகமும் ரெண்டு வார்த்தையில. புஸ்தகத்த எழுதுனவன் இவனப் பாத்துட்டுத்தான் எழுதியிருப்பானோன்னு எனக்குச் சந்தேகம்.

கேலி பண்றதுக்கு முன்னாடி அந்த மைதானத்துக்கு ஏன் கரின்னு பேருன்னு ஆராச்சும் கேட்டியளா? கரிவரதன். கோயம்புத்தூரு மில்லுக் குடும்பத்து ஆளு. நெனைச்சா வெளிநாட்டுக் காரு வாங்கி வாசல்ல வரிசையா நிறுத்தியிருக்கலாம். அவரு என்ன பண்ணுனாரு? 1980கள் கடைசியில, ரோட்டுல ஓடுற மாருதி 800 எஞ்சினப் போட்டு ஒத்தை ஆளு ரேஸ் காரு கட்டுனாரு. ஃபார்முலா மாருதின்னு பேரு. ஊரு மெக்கானிக்கு ரிப்பேரு பாக்குற எஞ்சினு, கடையில கிடைக்கிற சாமானு. ராசா வீட்டுப் புள்ளைய இறக்குமதி வண்டியில சோழவரம் ஓடுதளத்துல வெரட்டுன விளையாட்டு, நடுத்தரக் குடும்பத்துப் பயலுக்கும் எட்டுற விளையாட்டா ஆனதுக்கு அவரு ஒரு பெரிய காரணம். 1995ல சின்ன விமான விபத்துல போயிட்டாரு. அவரு கட்டுன அந்தச் சாதி வண்டியில ஸ்ரீபெரும்புதூருப் பக்கம் இருங்காட்டுக்கோட்டைத் தடத்துல ஓட்டிப் பழகுனவருதான் கோயம்புத்தூரு நாராயண் கார்த்திகேயன். 2005ல ஃபார்முலா ஒன்னுல ஓட்டுன முதல் இந்தியரு.

அவரு கதையில ஒரு இடம் எனக்கு ரொம்பப் புடிக்கும். 2005 ஜூன்ல அமெரிக்காவுல இண்டியானாபோலிஸ் பந்தயம். 20 வண்டி. மிஷலின் டயரு போட்ட 14 வண்டிக்கு அந்தத் தடத்து வளைவுல டயரு தாங்காதுன்னு தெரிஞ்சுபோச்சு. அணிவகுப்புச் சுத்து ஒண்ணு வந்துட்டு 14ம் அப்படியே உள்ள போயி நின்னுடுச்சு. மிச்சம் ஆறு வண்டிதான் பந்தயம். சனம் பூரா கத்துது, பாட்டில வீசுது. நம்மாளு மஞ்ச வண்டிய விடாம ஓட்டி நாலாவதா வந்து 5 பாயிண்டு வாங்குனாரு. ‘ஆறு பேருல நாலாவதுதானே’ன்னு இளக்காரமாச் சொன்னவுக அன்னிக்கும் உண்டு. ஏட்டுல என்ன எழுதியிருக்கு? நாலாவது. ஓடாத 14 வண்டி பேருக்கு நேரா என்ன இருக்கு?

நம்ம பயலுக்கும் அதே பாடுதான். 75 மீட்டரு நேர் ஓட்டம் இருக்கு, எட்டுப் போட்டு வளைக்கிறது இருக்கு, ஒத்தைச் சுத்து இருக்கு. இதையெல்லாம் முடிச்சவன் அத்தனை பேரும் காலரத் தூக்கிக்கிட்டு நிப்பான். அப்புறம் வரும் 22 கிலோமீட்டர் ஓட்டம். மார்க்குல பெரிய துண்டு அங்கதான் இருக்கு. 22 கிலோமீட்டரு என்ன பெரிய தூரமாங்கிறிய. ஒரத்தநாட்டுலேருந்து தஞ்சாவூரு வந்து சேர்ற தூரம் மாதிரிதான், டவுன் பஸ்ஸே வந்துடும். வம்பு நடுவுல இருக்கு. பாதியில வண்டிய நிறுத்தி எஞ்சின அணைச்சுட்டு டிரைவர மாத்தணும். ஆளு மாறுறதுக்கு மூணு நிமிஷம். ஏறுனவன் திரும்ப ஸ்டார்ட் பண்ணிக் கிளம்பணும். எஞ்சினு அதுவரைக்கும் கொதிச்சுக்கிட்டு இருந்திருக்கும். வெளியாளு தள்ளிவிட முடியாது, ஸ்பேனர எடுக்க முடியாது. எத்தனையோ டீமு ஒரு வருஷ உழைப்ப அந்த இடத்துல வச்சிட்டு, ஸ்டார்டர அமுக்கி அமுக்கிப் பாத்துட்டு நிக்கும். சூடான எஞ்சினு, கிளம்பாது. முடிஞ்சுது.

ஆகவே பேராண்டி, நான் சொல்றதக் கேளு. சாதகம் பாதகத்தோடயே சொல்றேன், உன் புஸ்தகத்துக்குக் குந்தகம் வராம. வண்டி மூக்குக்குப் பச்சை பெயிண்டா நீலப் பெயிண்டான்னு மூணு நாளா போன்ல ஓட்டுப் போட்டுக்கிட்டு இருக்கியளே, பெயிண்டு அடிச்சா போட்டோவுல நல்லா இருக்கும். அடிக்காட்டி அந்த மூணு நாளு வண்டிய ஓட்டிப் பாக்கலாம். நாலு கிலோ எடை குறைக்கணும்னு மறுபடி ஒரு சாமானத் திருப்பி வரையிறிய. குறைச்சா காதொடிஞ்ச ஊசி அளவு வேகம் கூடும். குறைக்காட்டி உன் தொப்பையில நாலு கிலோ இருக்கு, அதை எடுக்கலாம், அதுக்கு லேத்து வேணாம். கடைசி ராத்திரி மைதானத்துல போயி ஒயரு இழுத்துக்கலாம்னு திட்டம் வச்சிருக்கியாமே. இழுத்தா ஒரு வாரம் மிச்சம். இழுத்த ஒயரு எங்க உரசுதுன்னு எங்க தெரியும்? பதினோராவது கிலோமீட்டருல தெரியும்.

இன்னொண்ணு. காலேஜ் வாசல்ல காலை நேரம் ஒருக்கா முடுக்கிட்டு ‘ஸ்டார்ட் ஆயிருச்சு தாத்தா’ன்னு எனக்கு வீடியோ அனுப்பாத. மத்தியான வெயிலுல அரை மணி ஓட்டு. அணை. மூணு நிமிஷம் எண்ணு. திரும்ப முடுக்கு. அந்த வீடியோவ அனுப்பு, இந்த ஊரு கட்டைச் செவுருல உனக்கு ஃபிளெக்ஸ் வைக்கிறேன். இதுல பாதகம் ஒண்ணும் இல்லையேன்னு கேப்ப. இருக்கு. ஃபிளெக்ஸுல உன்னை விட என் போட்டோ பெருசா இருக்கும்.

மத்தவுகளுக்கு. போட்டியப் பாக்கக் கோயம்புத்தூருக்கு ஜனசதாப்தி ரயிலுல டிக்கெட்டு போடுறதா இருந்தா சீக்கிரம் போடுங்க, தை முகூர்த்தக் கூட்டம். டீ மாஸ்டரு வர்றதா இருந்தா பிளாஸ்க்கோட வரலாம், அங்க பயலுவ தூங்காம கிடப்பானுவ. பஸ் டிரைவர் அண்ணன் மைக்கு பக்கத்துல போவப்படாது. மெஷின்கார மச்சான் பெல்ட்டு பத்தி எந்தக் காலேஜ் டீமுகிட்டயும் வாயத் தொறக்கப்படாது, ரொம்ப முடியலன்னா சாதகத்த மட்டும் மனசுக்குள்ள சொல்லிக்கலாம். மெக்கானிக்குத் தம்பிக்கு நடு சீட்டு. ரெண்டு பக்கமும் ரெண்டு ஆளு உக்காந்து கையப் புடிச்சுக்கணும். நம்ம புள்ளைய வண்டி அங்க கொதிச்சு நிக்கிறப்ப அவன் பைக்குள்ள இருக்குற 12ஆம் நம்பரு ஸ்பேனரோட தடுப்பைத் தாண்டிக் குதிச்சான்னா, புஸ்தகத்துல எந்த விதியில டீமைத் தூக்குவாகன்னு பயகிட்டக் கேட்டு வச்சிருக்கேன். ஸ்பேனர வீட்டுலயே வச்சிட்டு வாடான்னேன். ‘சரிண்ணே, 12ஆம் நம்பர வச்சிட்டு வர்றேன்’ங்கிறான். மிச்ச நம்பரப் பத்திப் பேச்சே காணும்.